காசியம்மாளின் பதினான்காம் படி

முனிராஜுக்கு அறுபத்தேழாம் வயதில் பொறாமை வந்தது. அதுவும் தாலி கட்டிய பெண்டாட்டியின் மேல்.

அதற்கு முன்னால் அவர் யாரைப் பார்த்தும் வயிறெரிந்தவர் இல்லை. அண்ணன் தன் காட்டு நிலத்தில் போர் போட்டு முந்நூறு அடியிலேயே தண்ணீர் பீய்ச்சியபோதும் சரி, பங்காளி மகன் பெங்களூரில் சம்பாதித்து வந்து மாடி வீடு கட்டியபோதும் சரி, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார். ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற நிறைவு அவருக்கு இருந்தது.

முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் லைன்மேனாக வேலை பார்த்தவர். பாப்பாரப்பட்டியைச் சுற்றி எந்தக் கம்பத்துக்கு எங்கிருந்து சப்ளை வருகிறது, எந்த டிரான்ஸ்பார்மரை எந்த சுவிட்ச் அணைக்கும், யார் கிணற்றுக்குப் போகும் கம்பி எந்தப் புளியமரத்தை உரசும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நடுவில் மூன்று வருடம் கடத்தூருக்கு மாற்றலாகிப் போய்வந்தார். அந்தப் பக்கத்துக் கம்பங்களையும் கேட்டால் சொல்வார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும், காற்றிலும் மழையிலும் லைன் அறுந்தால் வேலையில் இருக்கிறவர்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். கட்டிலில் படுத்தபடியே, கண்ணைக்கூடத் திறக்காமல் பதில் சொல்வார். சொல்லிவிட்டு, காசியம்மாளுக்குக் கேட்டதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

காசியம்மாள் மறதிக்காரி. நாற்பது வருடமாக அவர் அப்படித்தான் சொல்லிவந்தார். சந்தைக்கு மிளகாய் வாங்கப் போய்ப் பூண்டு வாங்கி வந்தவள். கோயிலில் பொங்கல் வைத்துவிட்டுப் பானையை அங்கேயே விட்டு வந்தவள். "உங்கம்மா மண்டை சல்லடைடா" என்று மகன் சங்கரிடம் அவர் சொல்லிச் சொல்லி, அவனும் அதையே கேட்டு வளர்ந்தான். காசியம்மாள் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமா, எனக்கெதுக்கு நெனப்பு? அதான் வூட்டுக்கு ஒரு ஆளு இருக்குறாரே" என்பாள். அவளுக்கு இரண்டு கறவை மாடுகள். விடிவதற்குள் கறந்து, அஞ்சு மணிக்கெல்லாம் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தால், திரும்ப ஆறு மணி ஆகும். அந்த மாடுகள்தான் அவள் உலகம்.

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. சத்யராஜ் போன் செய்தான். முனிராஜுக்குக் கீழே உதவியாளாகச் சேர்ந்து, இப்போது அதே பகுதிக்கு லைன்மேனாக இருக்கிறவன்.

"அண்ணே, ஏரிக்கரை டிரான்ஸ்பார்மருக்கு எந்த சுவிட்சை இறக்கறது?"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்குதில்ல, அதை இறக்கிட்டு ஏறு."

சத்யராஜ் இறக்கினான். ஆனால் ஏறும் முன், இவர் பழக்கிவிட்டபடியே, மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடை நீட்டிக் கம்பியில் மாட்டிப் பார்த்தான். வெடிச் சத்தத்தோடு நீல நெருப்பு கொட்டியது. கம்பியில் மின்சாரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்கு இறக்க வேண்டியது அரிசி மில் சுவிட்ச். அந்த இணைப்பைக் கொடுத்ததே முனிராஜ்தான், சர்வீஸில் இருந்தபோது.

"பரவால்லண்ணே. ஒண்ணும் ஆகல. வயசாகுதில்ல" என்றான் சத்யராஜ்.

அன்றைக்குப் பிறகு போன் அடித்தால் முனிராஜ் எடுப்பதில்லை. வெளியே போயிருந்தேன், சைலண்டில் இருந்தது என்று ஏதாவது சொல்லிவைப்பார். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. தங்கை புருஷன் எதிரில் வந்து நின்று கும்பிட்டபோது பேர் வரவில்லை. வாசலுக்கு வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நின்றார். ஒரு ஆளைக் கொல்லப் பார்த்தோமே என்ற பயம் ஒருபக்கம். அதைவிடப் பெரிய பயம், இது காசியம்மாளுக்குத் தெரிந்துவிடுமோ என்பது.

இந்தச் சமயத்தில்தான், தை பிறந்ததும், பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூளைப் பயிற்சி கொடுத்தால் ஞாபகமும் யோசனையும் கூடுமா என்று பார்க்கப் போகிறார்களாம். பாதிப் பேருக்கு டேப் என்கிற பலகை மாதிரியான ஒன்று கொடுத்து, அதில் விளையாட்டு ஆடச் சொல்வார்கள். மீதிப் பேருக்கு வாரம் ஒருமுறை போனில் உடம்பைப் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசுவார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி ஒட்டிய உறை சொல்லும். ஊருக்கு வந்து பேர் எழுதியது வெண்மதி என்கிற பெண். பாப்பாரப்பட்டிக்காரிதான். ஸ்கூட்டியில் வந்தாள்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேரலாம் தாத்தா. ஆனா ஒரே வூட்டுல இருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே உறைதான். தனித்தனியா பிரிக்க மாட்டோம்."

வேறொரு கிழவரிடம் அவள் சொன்னதைக் கேட்டு முனிராஜ் கணக்குப் போட்டார். காசியம்மாளின் ராசி எப்போதும் மந்தம். அவளோடு கட்டிப்போட்டால் நமக்கு வரவேண்டியதும் வராமல் போய்விடும். அவர்கள் குடியிருந்தது ஊருக்கு வெளியே, விளைநிலத்துக்கு நடுவில், பூசாரிக் கொட்டாய் என்ற சின்னக் குடியிருப்பில். ஊருக்குள் ஒரு பழைய வீடு பூட்டிக் கிடந்தது. காசியம்மாள் ரேஷன் கார்டைக் காட்டிக் கொட்டாய் முகவரியைக் கொடுத்தாள். அவர் இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போய், ஊர் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லிப் பேர் கொடுத்தார். பட்டியலில் அவர்கள் இரண்டு குடும்பம் ஆனார்கள்.

சமுதாயக் கூடத்தில் உறை பிரித்தார்கள். காசியம்மாளுக்கு டேப். முனிராஜுக்குப் போன்.

டேபைக் கொடுக்கக் கொட்டாய்க்கு வந்த வெண்மதி, கயிற்றுக் கட்டிலில் முனிராஜ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "நீங்க இங்கயா இருக்கறீங்க? அப்பவே சொல்லக் கூடாதா தாத்தா? பட்டியல் பெங்களூர் போயிடுச்சே" என்று தலையில் கை வைத்தாள். கடைசியில், "சரி, ஆயா டேபை நீங்க தொடக் கூடாது. தொட்டா எல்லாம் கெட்டுப்போயிடும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாள்.

"அந்தக் கருமத்தைத் தொட்டு நான் என்னா பண்ணப் போறேன்?" என்றார் முனிராஜ்.

புதன்கிழமைதோறும் அவருக்குப் போன் வரும். "கீரை சாப்பிட்டீங்களாய்யா? நடந்தீங்களா? தண்ணி நிறைய குடிக்கறீங்களா?" அவ்வளவுதான். காட்டுக்காரனைப் பார்த்துக் கீரை தின்றாயா என்று கேட்கிறது ஒரு குரல். அந்த நேரத்தில் உள்ளே, விளக்கின் கீழே, காசியம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து டேபில் விரலால் தொட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு வண்டி தோன்றி மறையும். அது லாரியா காரா என்று சொல்ல வேண்டும். அதே கணத்தில் ஓரத்தில் எங்கேயோ ஒரு குருவி எட்டிப் பார்த்திருக்கும். எந்த மூலையில் என்று காட்ட வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மறையும். அப்படி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

முதல் மாதம் நான்காம் படி. மாசியில் ஒன்பது. பங்குனி கடைசியில் பதினான்கு.

"நம்ம ஏரியாவுல ஆயாதான் முதல்" என்றாள் வெண்மதி. "பதினாலாம் படிக்கு வாத்தியாரா இருந்தவங்களே வரல."

கேட்டுக்கொண்டிருந்த முனிராஜ் காசியம்மாளை மேலும் கீழும் பார்த்தார். அஞ்சாவது வரை படித்தவள். மாட்டுச் சாணத்தைத் தவிர எதையும் கையால் தொட்டு அறியாதவள். அவளுக்கு லாரியும் குருவியும் ஒரே பார்வையில் தெரிகின்றன.

பக்கத்துக் கொட்டாய் சின்னம்மாள் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள். "என்னா மாமா, அக்கா பெரிய ஆளாயிடுச்சாமே! இனிமே கரண்ட்டு போனா அக்காவைத்தான் கூப்பிடணும் போல."

"ஆமா, கம்பத்துல குருவி உக்காந்திருக்குதான்னு பாத்துச் சொல்லுவா" என்றார். சின்னம்மாள் சிரித்தாள். காசியம்மாளும் சிரித்தாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஓசூரிலிருந்து சங்கர் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். முன்பெல்லாம் அப்பாவோடுதான் அரை மணி நேரம் பேசுவான். இப்போது, "அப்பா, அம்மாகிட்டக் குடுங்க, எத்தனாவது படின்னு கேக்கணும்" என்றான். மருமகள் ராதிகா அந்தப் பக்கம் கை தட்டுவது கேட்டது. போனைக் கொடுத்துவிட்டு முனிராஜ் மாட்டுக் கொட்டகைக்குப் போய், தண்ணீர் நிறைந்திருந்த தொட்டியில் இன்னும் இரண்டு குடம் ஊற்றினார்.

பதினான்காம் படி ஏறிய அதே வாரம், காசியம்மாள் பால் கேனின் மூடியைச் சொசைட்டியிலேயே விட்டு வந்தாள். அடுத்த நாள் குடையை விட்டு வந்தாள். முனிராஜுக்கு உள்ளூர ஒரு குளுமை. "பதினாலாம் படி ஏறுனவளுக்கு மூடி எங்கன்னு தெரியல" என்று சொல்லிக்காட்டினார். ஆனால் அதற்கு மேல் அதை நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஆட்டத்துக்கும் மூடிக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம் என்று, பொறாமை இல்லாத ஒருவருக்குத் தோன்றியிருக்கும். அவருக்கோ ஒரே எண்ணம்தான். அந்தப் பலகைக்குள் மருந்து இருக்கிறது. அது தேவைப்படாத வாயில் போய்க்கொண்டிருக்கிறது.

சித்திரையில் ஒரு விடியற்காலை, அவள் கேனைத் தூக்கிக்கொண்டு வரப்பு தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அலமாரியில் துணிக்கு அடியில் இருந்த டேபை எடுத்தார். அழுத்தினால் காசியம்மாளின் முகம் வந்தது. வெண்மதி எடுத்த படம். தலையில் முக்காடு, பாதிச் சிரிப்பு. அந்த முகத்தைத் தொட்டால்தான் திறக்கும். அவர் விரல் கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு தொட்டார்.

பதினான்காம் படி. லாரி வந்ததே தெரியவில்லை. ஏதோ பளிச்சிட்டது, மறைந்தது. குருவி எங்கே? இருட்டில் கை வைத்த மாதிரி எங்கேயோ தொட்டார். தவறு. மறுபடி தொட்டார். தவறு. அரை மணியில் ஆட்டம் அவரைப் பன்னிரண்டாம் படிக்கு இறக்கிவிட்டது. முகம் வேர்த்துவிட்டது. இவளுக்கு இது எப்படித் தெரிகிறது? தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற வெறி வந்தது.

தினமும் ஆடினார். அவர் ஆடினால் படி இறங்கும். சாயங்காலம் அவள் ஆடிக் கொஞ்சம் ஏற்றுவாள். மறுநாள் விடியற்காலை மறுபடி இறங்கும். "என்னமோ இப்ப லேசாத்தான் குடுக்கறாங்க" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு மாட்டுக்குப் பசுந்தீவனம் அறுக்கும் வேலை கூடி, அவளுக்குச் சாயங்காலம் ஆட நேரம் குறைந்தது. வாரத்தில் இரண்டு நாள், ஒரு நாள். அவர் மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு மாதத்தில் ஆட்டம் ஐந்தாம் படியில் வந்து நின்றது. அங்கே அவருக்கு லாரி தெரிந்தது. குருவிகூடச் சில சமயம் தெரிந்தது. நினைவு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று நம்பினார். தங்கை புருஷன் பேர் மட்டும் இன்னும் வரவில்லை.

ஆனியில் வந்த வெண்மதி டேபைத் திறந்து, படி ஏறி இறங்கியதைக் காட்டும் கோடுகளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

"ஆயா, உடம்புக்கு ஏதாவது செஞ்சுதா? தூக்கம் வருதா? எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லியே கண்ணு. ஏன்?"

அவள் சொல்லவில்லை. வெளியே வந்து முனிராஜிடம்தான் சொன்னாள். பதினான்கிலிருந்து ஐந்துக்கு யாரும் இப்படி இறங்கியதில்லை. மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அந்த ஐந்தாம் படி யாருடையது என்று தெரிந்துவிடும். "அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் மறதி உண்டும்மா" என்றார்.

விஷயம் தெரிந்ததும் சங்கரும் அதையேதான் சொன்னான். "அப்பா சொல்லிட்டேதான் இருப்பாரு. நாமதான் வெளையாட்டா எடுத்துக்கிட்டோம்." பிறகு அவன் வேகமாக முடிவுகள் எடுத்தான். அம்மாவை அடுப்பருகே தனியாக விடக் கூடாது. விடியற்காலை இருட்டில் அவள் நடக்கக் கூடாது. மாடுகளை விற்றுவிட வேண்டும். வியாபாரி வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப்போவான். டாக்டரிடம் காட்டிவிட்டு அம்மாவை ஓசூருக்கே அழைத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் முனிராஜுக்கு ஒரு கெட்ட இனிப்பு இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. வீட்டில் எல்லாம் பழையபடி ஆயிற்று. சங்கர் மறுபடி அவரோடுதான் அரை மணி நேரம் பேசினான். காசியம்மாள் அவர் முகத்தையே பார்த்து நடந்தாள்.

"என்னாங்க, அடுப்பை அணைச்சனா?"

"அணைச்சிட்ட, போ."

"கன்னுக்குட்டியைக் கட்டுனனா?"

"கட்டிட்ட."

நிஜத்தில் அவர் பார்க்கவே இல்லை. அவள் கட்டியிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். நாற்பது வருடத்தில் ஒருநாளும் அவள் கன்றைக் கட்ட மறந்ததில்லை. மறந்ததெல்லாம் மூடி, குடை, மிளகாய். அதை அவர் இப்போதுதான் யோசித்தார். வியாழக்கிழமை விடியற்காலையில் அவள் கறந்துவிட்டு, பால் கேனைத் தூக்காமல், சிவப்பு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு டேபை எடுக்கவில்லை.

அதே நாள் பத்து மணி பஸ்ஸில் தருமபுரிக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் மாடியை ஆராய்ச்சிக் குழு வாடகைக்கு எடுத்திருந்தது. டாக்டர் சகாயமேரி என்று பேர். ஐம்பது வயது இருக்கும். வெண்மதியும் வந்திருந்தாள்.

டாக்டர் காசியம்மாளிடம் நாள் கேட்டார், கிழமை கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். ஒரு சின்னக் கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் பயந்து பயந்து, ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் சொன்னாள். கதையில் வந்த ஆட்டின் நிறத்தைக்கூடச் சொன்னாள்.

"ஒண்ணும் குறை தெரியலியே" என்று டாக்டர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒரு விஷயம் பாருங்கம்மா. சாயங்காலம் ஆடுன அன்னைக்கெல்லாம் நல்லா வருது. காலையில அஞ்சே கால், அஞ்சரைக்கு ஆடுனா மட்டும் விழுந்துடுது. காலையில தூக்கக் கலக்கத்துல ஆடுவீங்களா?"

"காலையிலயா?" என்றாள் காசியம்மாள். "அந்நேரம் நான் சொசைட்டியில வரிசையில நிப்பனுங்களே."

"ஆனா ஆடியிருக்கீங்களே ஆயா. சித்திரை, வைகாசி, ஆனி, தினம் ஆடியிருக்கீங்க. மெஷின்ல இருக்குதே" என்றாள் வெண்மதி.

முனிராஜ் காசியம்மாளின் முகத்தைப் பார்த்தார். இப்போது திரும்புவாள், நம்மைப் பார்ப்பாள், புரிந்துவிடும் என்று காத்திருந்தார். அவள் திரும்பினாள். ஆனால் அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. கலக்கம்தான் இருந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப ஆடியிருப்பனுங்க. மெஷின் பொய் சொல்லுமா? எனக்குத்தான் நெனப்பு இல்ல. சொசைட்டியில நின்னேன்னு நான்தான் தப்பா நெனச்சிட்டிருக்கறேன் போல. எனக்கு முன்ன இருந்தே மறதிங்க டாக்டரம்மா. இவரைக் கேளுங்க."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா ஐயா?"

ஒரே ஒரு "ஆமா" போதும். அந்த ஒரு சொல்லில் எல்லாம் பழையபடி நிலைத்துவிடும். அவர்தான் நினைவுள்ளவர், அவள்தான் மறதிக்காரி, நாளைக்கு வியாபாரி வருவான். இவள் தன் கண்ணால் பார்த்த சொசைட்டி வரிசையையே இல்லை என்று விட்டுக்கொடுக்கிறாளே, நாம் சொன்ன சொல்லை நம்பி! கம்பியில் கை வைத்த மாதிரி ஒரு உதறல் அவர் மேலெல்லாம் ஓடியது.

"இல்லீங்க" என்றார். "அவளுக்கு மறதி இல்ல. காலையில ஆடுனது நான்."

"தாத்தா!" என்றாள் வெண்மதி. "ஐயோ, ஆறு மாச வேலை..."

டாக்டர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். முனிராஜ் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு முகவரி கொடுத்தது, ஏரிக்கரை சுவிட்ச், நீல நெருப்பு, பேர் வராத தங்கை புருஷன். "அவ ஏறிக்கிட்டே போனா. என்னால பாத்துட்டு இருக்க முடியலீங்க" என்றார் கடைசியில்.

காசியம்மாள் கேட்ட முதல் கேள்வி அவரைப் பற்றியது அல்ல.

"அப்ப மாடு?"

அவர் பக்கம் திரும்பினாள்.

"சங்கருக்குப் போனைப் போடுங்க. இப்பவே போடுங்க. வியாபாரி வர வேணாம்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா, அதையும் உங்க வாயாலயே சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பக்கத்தில் சங்கர் "என்னப்பா இது" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு டாக்டர் முனிராஜை நாற்காலியில் உட்காரவைத்தார். மூன்று சொல் சொல்வேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றார். ஏணி, சட்டை, தவளை. நடுவில் கடிகாரம் வரைய வைத்தார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வைத்தார். அதில் கொஞ்சம் தடுமாறினாலும் தேறிவிட்டார்.

"இப்ப அந்த மூணு சொல்லைச் சொல்லுங்க."

"ஏணி" என்றார் உடனே. லைன்மேனுக்கு ஏணி மறக்குமா? "சட்டை." அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. இருந்த இடம் தெரிந்தது, பொருளைக் காணோம். சுவரோரம் உட்கார்ந்திருந்த காசியம்மாளைப் பார்த்தார். அவள் உதடு லேசாக அசைந்து மூடியது. அவளுக்குத் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை, இருந்தும் தெரியும்.

இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார் டாக்டர். சத்துக் குறைவு, தைராய்டு, காது மந்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு, முதலில் அதைப் பார்ப்போம், பயப்பட வேண்டாம் என்றார்.

"அந்த ஆட்டத்தை எனக்கும் முறையாக் குடுத்தா, நெனப்பு திரும்புங்களா?" என்று கேட்டார் முனிராஜ்.

டாக்டர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஆட்டம் ஆடுனா ஆட்டம் நல்லா வரும்ங்கய்யா. அது நிச்சயம். சட்டுனு பாத்துச் சொல்ற மாதிரி வேலையும் கொஞ்சம் நல்லா வரலாம். அதைத் தாண்டி, சாமானை எங்க வெச்சோம், யாரு பேரு என்னங்கறதுக்கெல்லாம் உதவுதான்னு உறுதியாச் சொல்ல முடியல. நல்லாத் தெரிஞ்சிருந்தா நாங்க ஏன் உங்க ஊருக்கு வந்து உறை பிரிக்கப் போறோம்?"

"பதினாலாம் படியிலயும் நான் மூடியை விட்டுட்டுத்தானே வந்தேன்" என்றாள் காசியம்மாள், யாரிடமும் இல்லாமல்.

இரண்டு பேரையும் ஆய்விலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. காசியம்மாள் பையிலிருந்து டேபை எடுத்து, தலைப்பால் ஒருமுறை துடைத்து, வெண்மதியிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவள் கை ஒரு கணம் அப்படியே நீண்டிருந்தது. லாரியும் குருவியும் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தன என்பது முனிராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். கண்டக்டர் வந்தபோது அவளே இறங்கும் இடத்தைச் சொல்லி டிக்கெட் வாங்கினாள். அவர் மனசுக்குள் தேடிக்கொண்டே வந்தார். ஏணி, சட்டை. ஏணி, சட்டை. கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"இந்தா காசி. அந்த மூணாவது என்னா?"

"எந்த மூணாவது?"

"டாக்டரம்மா சொன்னது. ஏணி, சட்டை, அப்பறம்?"

அவள் வெளியே ஓடுகிற மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் நெனப்பு இல்லீங்க."

"நெசமா?"

"நெசமா."

"பொய் சொல்ற. உன் உதடு ஆடுச்சு, நான் பாத்தேன்."

"ஆமா, பொய்தான்."

"அப்பறம்? சொல்லேன்."

"மாட்டேன்" என்றாள். குரலில் கோபமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "இத்தனை நாளா என்னைக் கிறுக்கியாக்கி வெச்சிருந்தீங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் தவிச்சாத் தப்பில்ல. தேடுங்க. கெடைக்கலைன்னா நாளைக்குப் பால் ஊத்திட்டு வந்து சொல்றேன்."

அவர் எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு சொல். அவளுக்குள் எங்கேயோ பத்திரமாக, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்கிறது. சொல்லவும் அவளால் முடியும், சொல்லாமல் வைத்திருக்கவும் முடியும். கொஞ்ச நேரத்தில் அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். தூங்குகிற அந்த முகத்தை அவர் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாப்பாரப்பட்டி வரும்வரை அவருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.